டப்பா தேடும் விளையாட்டு... நிலத்துக்காரர் சம்மதித்தால்தான் ஆட்டம்!

‘என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் செல்போனைப் பார்த்துக்கொண்டே காடு மேடெல்லாம் நடக்கிறான். பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும் யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடுகிறான். கிடைத்ததும் அதற்குள் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறான். அவன் அனுப்பிய போட்டோவில் பின்னால் கோதுமை வயல் தெரிகிறது. அடுத்தவர் வயலுக்குள் போய் இப்படித் தேடினால் அந்த ஊர் விவசாயி சும்மா விடுவாரா? இது என்ன விளையாட்டு?’

நாமக்கல் மாவட்ட வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது. பூச்சி, உரம், மானியம் என்று வரும் கடிதங்களுக்கு நடுவில் இப்படி ஒன்று வந்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால், அவர் கேட்டிருப்பது ஒரு விவசாயி கேட்க வேண்டிய கேள்வி. அடுத்தவர் நிலத்துக்குள் நுழைபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது இதில் இருக்கிறது. செல்போன் காட்டும் இடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் இருக்கிறது. இரண்டுமே நம் ஊரில் வரப்புத் தகராறு வரை போகிற விஷயங்கள். அதனால் விரிவாகவே பார்த்துவிடலாம்.

ஒரு வாளியில் தொடங்கியது

இந்த விளையாட்டுக்குப் பெயர் ‘ஜியோகேச்சிங்’. ‘ஜியோ’ என்றால் பூமி. ‘கேச்’ என்றால் ஒளித்து வைத்த பொருள். நம் செல்போன் சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் சிக்னலை வைத்து, நாம் நிற்கும் இடத்தை ஒரு சிறிய கருவி கணக்கிட்டுச் சொல்லும். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் போதும். முதலில் இது ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. அதனால் அந்தக் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். ஒரு ஊருக்கு வழி கண்டுபிடிக்கலாம். ஒரு மரத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே இரவில் கருவிகளின் துல்லியம் பல மடங்கு கூடியது. இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார் டேவ் அல்மர் என்பவர். மே 3-ம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்தார். அதற்குள் கணினி மென்பொருள், வீடியோ, புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ், ஒரு நோட்டு, ஒரு பென்சில். பிறகு ‘வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம்’ என்று அந்த இடத்தின் எண்களை இணையத்தில் எழுதினார். ‘கொஞ்சம் எடுத்துக்கொள், கொஞ்சம் வைத்துவிட்டுப் போ’ என்பதுதான் அவர் சொன்ன ஒரே விதி. மூன்றே நாளில் மைக் டீக் என்பவர் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்காகவே ஒரு இணையதளம் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன. இந்தியாவிலும் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில்தான் இது பெரிய பொழுதுபோக்கு.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

ஒருவர் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே தண்ணீர் புகாத டப்பாவை ஒளித்து வைக்கிறார். இடத்தின் எண்களையும் ஒரு சிறு குறிப்பையும் இணையதளத்துக்கு அனுப்புகிறார். விதிப்படி இருக்கிறதா என்று தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் அது வெளியாகும். இரண்டு டப்பாக்களுக்கு இடையில் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

தேடுபவர் அந்த எண்களைக் கருவியில் போட்டுக்கொண்டு நடக்கிறார். கடைசி சில மீட்டருக்கு வந்ததும் கருவி கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு கண்தான் தேட வேண்டும். ‘இந்தக் கல் மட்டும் ஏன் புதிதாகத் திரும்பியிருக்கிறது? இந்த வேருக்கு அடியில் ஏன் குச்சிகள் அடுக்கியிருக்கின்றன?’ என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் டப்பா கிடைக்கும். தடம் பார்த்து ஆடு மாடு தேடிப் பழகிய நம்மவர்களுக்கு இது கைவந்த கலை.

ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 1 முதல் 5 வரை; போய்ச் சேரும் பாதை எவ்வளவு கடினம் என்பதற்கு 1 முதல் 5 வரை. பாதைக்கு 1 என்றால் சக்கர நாற்காலியில்கூடப் போகலாம். 5 என்றால் கயிறு, படகு போன்ற சிறப்புக் கருவிகள் இல்லாமல் போக முடியாது. டப்பாவின் அளவும் பலவிதம். விரல் நுனி அளவிலும் இருக்கும். கேமரா பிலிம் சுருள் வரும் குப்பி அளவிலும் இருக்கும். பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி அளவிலும் இருக்கும்.

என்னென்ன தேவை?

செலவு அதிகமில்லை.

* செல்போன்: ஜி.பி.எஸ். வசதியுள்ள ஆண்ட்ராய்டு போன் போதும். சிக்னலை வானத்திலிருந்து வாங்குவதால், டவர் இல்லாத இடத்திலும் அது நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்கச் சுற்றுபவர்கள் கார்மின் போன்ற நிறுவனங்களின் கைக்கருவிகளை வாங்குகிறார்கள். கீழே விழுந்தாலும் மழையில் நனைந்தாலும் தாங்கும், பேட்டரியும் நீடிக்கும்.
* பென்சில்: பேனா வேண்டாம். ஈரத்தாளில் மை ஊறிவிடும்.
* கைத்தடி, கையுறை, கணுக்கால் மூடும் காலணி: கல்லுக்கு அடியில் வெறுங்கையை விடவே கூடாது. முதலில் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். இதை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.
* தண்ணீர், தொப்பி, டார்ச், பவர் பேங்க்.
* ஒரு காலிப் பை: வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவதற்கு. ‘தேடப் போ, குப்பையோடு திரும்பு’ என்பதை 2002-லிருந்து ஒரு இயக்கமாகவே செய்து வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி எதையும் கையில் கொண்டுவரக் கூடாது. அனுமதி இல்லாமல் இந்தியாவில் சாட்டிலைட் போனோ, அதுபோன்ற தகவல் தொடர்புக் கருவியோ வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டினர் சிலர் இதற்காகவே பிடிபட்டிருக்கிறார்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்கிற சாதாரண ஜி.பி.எஸ். வேறு, செய்தி அனுப்பும் கருவி வேறு.

ஒழுக்கம்தான் விளையாட்டு

இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. எல்லாம் ஆடுபவரின் ஒழுக்கத்தை நம்பியே நடக்கிறது.

டப்பாவில் இருந்து ஒரு பொருளை எடுத்தால், அதே மதிப்பிலோ கூடுதலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். மூடியை இறுக்கி, எந்தக் கல்லுக்கு அடியில் எப்படி இருந்ததோ அப்படியே வைக்க வேண்டும். ‘இன்னும் நல்ல இடம்’ என்று மாற்றி வைக்கக் கூடாது. வேறு ஆட்கள் பார்க்கும்போது எடுக்கக் கூடாது. தெரியாதவர்கள் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

உள்ளே வைக்கக் கூடாத பொருட்களில் முதலாவது தின்பண்டம். வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்து உடைத்துவிடும். மது, போதைப்பொருள், ஆயுதம், வெடிபொருள் எதுவும் கூடாது. மண்ணைத் தோண்டிப் புதைப்பதற்கும் பொதுவாகத் தடை. முதல் வாளி புதைக்கப்பட்டிருந்தது, அதில் தின்பண்டமும் இருந்தது. இன்றைய விதிகளின்படி அந்த முதல் வாளிக்கே அனுமதி கிடைக்காது! பட்டுத்தான் விதிகள் வந்திருக்கின்றன.

இன்னொரு பாடம் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் கிடைத்தது. 2011 ஜூலையில் ஒரு உணவகத்துக்கு வெளியே ஒளித்து வைக்கப்பட்டிருந்த சிறு டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்தார்கள். தெருவை மூடி, ராணுவ நிபுணர்களை வரவழைத்து, அதை வெடிக்க வைத்து அழித்தார்கள். எந்த இடமானாலும் உரியவரிடம் சொல்லிவிட்டு வைக்க வேண்டும், டப்பாவின் மேல் அது என்ன என்று எழுத வேண்டும் என்பதற்கு அந்தச் சம்பவத்தை இன்றும் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

விவசாயி சும்மா விடுவாரா?

இப்போது வாசகரின் முக்கியக் கேள்விக்கு வருவோம். விடமாட்டார், விட வேண்டிய அவசியமும் இல்லை. தனியார் நிலத்தில் டப்பா வைக்க நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். சம்மதம் வாங்கியதாக உறுதி கொடுத்துத்தான் இடத்தைப் பதிவு செய்ய முடியும். நிலத்துக்காரர் ‘வேண்டாம்’ என்று தெரிவித்தால் அந்த இடம் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

அப்படியானால் கோதுமை வயல் எப்படிப் போட்டோவில் வந்தது? இங்கிலாந்தில் நெடுங்காலமாக மக்கள் நடந்துவரும் ஒற்றையடிப் பாதைகள் சட்டப்படி ‘பொதுப் பாதை’ என்று பதிவாகியிருக்கின்றன. அவை தனியார் வயல்களுக்கு நடுவிலும் போகும். நம் ஊர் புலப்படத்தில் வண்டிப்பாதை குறித்திருப்பதைப் போல. விவசாயி அந்தப் பாதையை உழுது விதைக்கலாம். ஆனால், முதல் உழவுக்குப் பிறகு 14 நாளுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குப் பாதையை மீண்டும் தெரியும்படி செய்து கொடுக்க வேண்டும். நடப்பவருக்கு இருக்கும் உரிமை அந்தப் பாதையில் போய் வருவதற்கு மட்டும்தான். ஒரு அடி விலகிப் பயிருக்குள் இறங்கினால் அத்துமீறல். அங்கே டப்பா வைப்பதற்கும் அந்த உரிமை போதாது. தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

2000-ம் ஆண்டில் வந்த சட்டம், மலை, புல்வெளி, பொது மேய்ச்சல் நிலம் என்று வரைபடத்தில் குறித்த இடங்களில் பாதையை விட்டும் நடக்க அனுமதி தந்தது. விளைநிலம் அதில் சேராது. ஸ்காட்லாந்தின் 2003-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமானது. பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடக்கலாம். அங்கும் விதைத்த வயலுக்குள் கால் வைக்கக் கூடாது. ஓரமாகத்தான் போக வேண்டும். ஸ்வீடனில் காடுகளுக்குள் யாரும் போகலாம் என்ற பழைய வழக்கம் உண்டு. அங்கும் பயிர் நிலத்துக்கும் வீட்டை ஒட்டிய இடத்துக்கும் விலக்கு. எவ்வளவு தாராளமான நாடாக இருந்தாலும் பயிருக்கு முன்னால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். இதைக் கவனிக்க வேண்டும்.

நடப்பவர்களுக்கு அங்கே சொல்லித் தரும் ஒழுங்குகள் நமக்கும் பொருந்தும்.

கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விட வேண்டும். மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். ‘நல்லது செய்கிறேன்’ என்று திறந்திருந்த கேட்டை மூடினால், அந்தப் பக்கம் மேயும் ஆடுகள் தண்ணீருக்கு வர முடியாமல் போய்விடும். கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் இடையில் போகக் கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்துப் போக வேண்டும். ஆனால், மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். மாட்டின் கோபம் நாயின் மேல்தான்.

அங்கே சிமென்ட் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் வயல்களைச் சுற்றி மைல் கணக்கில் ஓடும். அவற்றின் இடுக்கில் டப்பா வைக்கக் கூடாது. தேடி வரும் பத்துப் பேர் ஆளுக்கொரு கல்லை உருவினால் சுவர் சரியும், ஆடு வெளியேறும், செலவு விவசாயியின் தலையில்.

நோயும் ஒரு காரணம். இந்த விளையாட்டு பிறந்து ஓராண்டுகூட ஆகாத 2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளை அழிக்க வேண்டி வந்தது. காலணியில் ஒட்டும் மண்கூட நோயைக் கடத்தும் என்பதால் கிராமப்புறப் பாதைகளை மாதக்கணக்கில் மூடினார்கள். ‘சும்மா நடந்துதானே போகிறேன்’ என்று சொல்பவருக்கு இதைவிடப் பெரிய பதில் இல்லை.

6 இலக்கம் காட்டினாலும் வரப்பு ஆகாது

இனி நம் நிலத்துக்கு வருவோம். சமீப ஆண்டுகளில் எனக்கு வரும் போன்களில் ஒரு வகை அதிகமாகியிருக்கிறது. ‘செல்போன் ஆப்பில் அளந்தேன் சார், பக்கத்துக்காரர் என் நிலத்துக்குள் 2 மீட்டர் வந்திருக்கிறார்.’ இப்படித் தொடங்கி வரப்பை வெட்டும் வரை போய்விடுகிறார்கள். டப்பா தேடும் விளையாட்டை ஒரு நாள் ஆடியவர் இந்தத் தகராறில் இறங்கமாட்டார். கருவி எங்கே கைவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

திறந்தவெளியில் நல்ல செல்போனின் துல்லியம் சுமார் 5 மீட்டர். தென்னந்தோப்புக்குள், மலையடிவாரத்தில், கட்டடத்துக்குப் பக்கத்தில் பிழை இன்னும் கூடும். சிக்னல் இலையில் மங்கும். சுவரில் பட்டுத் திரும்பும்.

எண்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு டிகிரி அட்சரேகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பிறகு 4-வது இலக்கம் 11 மீட்டரையும், 5-வது இலக்கம் 1 மீட்டருக்குச் சற்று கூடுதலையும், 6-வது இலக்கம் 11 சென்டிமீட்டரையும் குறிக்கும். போன் 6 இலக்கம் காட்டுகிறது என்பதால் அது 11 சென்டிமீட்டர் சரியாகச் சொல்கிறது என்று பொருளில்லை. எடைக்கல் சரியில்லாத தராசு கிராம் வரை காட்டினால் மட்டும் எடை சரியாகிவிடுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். அதில் ஒரு வரப்பை மட்டும் 3 மீட்டர் தள்ளிக் காட்டினால் வரும் வித்தியாசம் 190 சதுர மீட்டருக்கு மேல். அதாவது ஏறக்குறைய நாலே முக்கால் சென்ட். உங்கள் போன் சாதாரணமாகச் செய்யும் பிழைக்குள்ளேயே ஒரு குடும்பச் சண்டைக்குத் தேவையான நிலம் இருக்கிறது.

எல்லை தெரிய வேண்டுமானால் சர்வே கல்லும், புலப்பட நகலும், தாலுகா நில அளவர் வந்து அளந்து காட்டுவதும்தான் வழி. கட்டணம் செலுத்தி இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். அளவைத் துறை பயன்படுத்தும் டி.ஜி.பி.எஸ். கருவி சென்டிமீட்டர் அளவில் காட்டும். நம் சட்டைப் பையில் இருப்பது அதுவல்ல.

நம் தோட்டத்திலேயே ஆடலாம்

5 மீட்டர் துல்லியம் வரப்புக்கு உதவாது. ஆனால், தோட்டத்தில் வேறு பல வேலைகளுக்கு அது தாராளம்.

கள ஆய்வுக்குப் போகும் ஊர்களில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. அப்பா காலமாகி ஓராண்டு ஆகியிருக்கும். தரைக்கடியில் போகும் குழாய் எங்கே உடைந்தது, கேட் வால்வு எங்கே புதைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஜே.சி.பி.யை வைத்து வயலைக் கீறிக்கொண்டிருப்பார்கள். 40 ஆண்டுகள் அந்த நிலத்தில் நடந்தவரின் தலைக்குள் இருந்த வரைபடம் அவரோடு போய்விட்டது. பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், நல்ல போன் வைத்திருக்கிறார்கள். ஆனால், நிலத்தில் நடக்கவில்லை.

டப்பா தேடும் ஆட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு விஷயங்கள் பதிவாகும்: எண்கள், ஒரு குறிப்பு. எண் பக்கத்தில் கொண்டுபோய் விடும். ‘வேப்பமரத்திலிருந்து கிழக்கே எட்டு எட்டு’ என்ற குறிப்பு சரியான இடத்தைக் காட்டும். இதையே நம் தோட்டத்துக்குச் செய்தால் என்ன?

கோடை விடுமுறையில் தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாம். கீழ்க்கண்ட இடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய டப்பா. உள்ளே விவரம் எழுதிய சீட்டு.

1. ஆழ்துளைக் கிணறு: போட்ட ஆண்டு, ஆழம், கேசிங் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் நிற்கிறது.
2. தரைக்கடிக் குழாய் திரும்பும் இடங்கள், கேட் வால்வுகள்: குழாயின் அளவு, எத்தனை அடி ஆழம்.
3. மின் கேபிள் போகும் பாதை, எர்த் குழி.
4. மண் மாதிரி எடுத்த வயல்: எடுத்த தேதி, பரிசோதனை முடிவு. அடுத்த முறையும் அதே பகுதியில் எடுத்தால்தான் மண் தேறியதா என்று ஒப்பிட முடியும்.
5. மழையில் தண்ணீர் தேங்கும் மூலை, களர் தட்டும் திட்டு.
6. ஆண்டுதோறும் நன்றாகக் காய்க்கும் தாய்மரம்: ரகம், வைத்த ஆண்டு.
7. சர்வே கற்கள்: கல் எங்கே நிற்கிறது என்று நினைவு வைக்க மட்டும். எல்லைக்கு ஆதாரம் கல்தான், போன் அல்ல.

போனில் வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும். அவசரப்படாமல் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று, நீலப் புள்ளி நிலையான பிறகு குறியுங்கள். வேறு வேறு நாளில் இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பது இன்னும் நல்லது. எழுதும்போது அட்சரேகை முதலில் வர வேண்டும். தஞ்சாவூர் 10.78, 79.13 என்றால் சரி. மாற்றி எழுதினால் வரைபடம் உங்களை வடதுருவத்துக்குப் பக்கத்தில் நார்வே நாட்டின் பனித்தீவுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தும்!

எல்லாவற்றையும் ஒரு நோட்டிலும் எழுதி, பட்டாவோடு பத்திரப்படுத்துங்கள். போன் தொலையும்; நோட்டு இருக்கும்.

பிறகு பிள்ளைகளிடம் எண்களை மட்டும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். ஏழு டப்பாவையும் கண்டுபிடித்து, சீட்டில் உள்ளதை வாசித்துக் காட்டுபவருக்குப் பரிசு. ஒரு வாரத்தில் தோட்டத்தின் குழாய் வழியும் தண்ணீர் வழியும் அவர்களுக்கு அத்துப்படியாகிவிடும். சென்னையில் வேலைக்குப் போனாலும் அந்த வரைபடம் தலையில் இருக்கும்.

பாதுகாப்பில் கண்டிப்பு வேண்டும். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வந்த பாட்டில், டப்பா எதையும் எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்து தெளித்த வயலுக்குள் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. கிணற்று மேட்டிலும், மின்பெட்டி, ஸ்டார்ட்டர் பக்கத்திலும் டப்பா வேண்டாம். அந்த இடங்களின் சீட்டைப் பத்தடி தள்ளி வையுங்கள். கைவிட்ட போர் குழி இருந்தால் ஆட்டத்துக்கு முன்னால் அதை மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தையை நாம் இழந்தது அப்படியொரு குழியில்தான்.

கேள்வி – பதில்

என் நிலத்தில் யாராவது இப்படி டப்பா வைத்திருந்தால், அது புதையல் ஆகுமா? எடுத்துக்கொள்ளலாமா?

ஆகாது. அதற்கு உரிமையாளர் இருக்கிறார். பெரும்பாலும் டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும். உங்களிடம் கேட்காமல் வைத்திருந்தால், எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. என்னவென்று தெரியாத பெட்டியை மட்டும் தொடாதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். உண்மையான புதையல் என்றால் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் காட்டில், பழைய கோயிலில் பிள்ளைகள் டப்பா வைக்கலாமா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். தொல்லியல் துறை பாதுகாக்கும் கோயில், கோட்டை, பாறை ஓவியங்கள் இருக்கும் இடங்களில் எதையும் செருகி வைக்கக் கூடாது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலும் பூங்கா நிர்வாகியின் அனுமதி இல்லாமல் டப்பா வைக்க முடியாது. அதனால் அங்கே டப்பா இல்லாத ஆட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். எண்களைப் பார்த்துப் போய், அங்குள்ள பாறையையோ நீரூற்றையோ கவனித்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். நம் ஊர் ஏரிக்கரைக்கும் மதகுக்கும் பள்ளி ஆசிரியர்கள் இப்படி ஒரு ஆட்டம் தயாரிக்கலாம். தொடவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம்.

என் மகன் ஊருக்கு வரும்போது பக்கத்துத் தோட்டங்களிலும் தேட வேண்டும் என்கிறான். என்ன சொல்வது?

முதல் நாள் மாலையே அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்கு அவனை அழைத்துக்கொண்டு போங்கள். என்ன விளையாட்டு, எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை பேர் வருவோம் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். மருந்து தெளித்திருக்கிறாரா, மாடு அவிழ்த்து விட்டிருக்கிறாரா, எந்த வழியாக வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள். சரி என்றால், படலைத் திறந்தவரே மூட வேண்டும். வரப்பில்தான் நடக்க வேண்டும். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். இங்கிலாந்தில் அவன் கடைப்பிடிக்கிற ஒழுங்கு இதுதான். நம் ஊரிலும் கடைப்பிடிக்கட்டும்.